லைப்சிக்கில் ஒரு புதுச் சபை: காபிக்கு நாலரை நட்சத்திரம், மற்றதுக்கு?

கிழக்கு ஜெர்மனியில் இருக்கும் லைப்சிக்குக்குப் படிக்கவோ வேலைக்கோ வரும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் முதலில் அரிசிக் கடை எங்கே என்று கேட்பார்கள், கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளையாக இருந்தால் அடுத்த கேள்வி “அண்ணா, ஞாயித்துக்கிழமை நீங்க எங்க போறீங்க?” என்பதுதான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பேசி அனுப்பி அலுத்துப் போனதால் எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். ஊரின் மேற்குப் பக்கம், பிளாக்விட்ஸ் பகுதியில், பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றின் மாடியில் கூடும் ஒரு புதுச் சபை இது. ஆரம்பித்தவர்கள் அமெரிக்காவின் தென் மாநிலம் ஒன்றிலிருந்து வந்த மிஷனரிக் குடும்பங்கள். பெயர் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப் போகிறேன், தவிர இதே மாதிரி சபைகள் இந்த ஊரில் இன்னும் சில உண்டு, பலகையை மாற்றி மாட்டினால் பாதி விமர்சனம் அவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் கண்ணுக்குத் தெரியும் விஷயங்கள். ஆராதனை காலை பத்தரை மணி என்று போட்டிருக்கும். பத்தேகால் வரை பாட்டுக் குழுவையும் காபி போடுகிறவரையும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள், பத்தரைக்கு எங்கிருந்தோ எழுபது எண்பது பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். காபி உண்மையிலேயே பிரமாதம். பெரிய எஸ்பிரெஸோ மெஷின் வைத்து, பசும்பாலா ஓட்ஸ் பாலா என்று கேட்டுப் போட்டுத் தருகிறார்கள், காசு கிடையாது, பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கும், விருப்பம் இருந்தால் போடலாம். மரபான ஜெர்மன் ஆலயங்களில் ஆராதனை முடிந்து பிளாஸ்கிலிருந்து ஊற்றித் தரும் ஆறிப்போன காபியைக் குடித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். உட்கார மடக்கு நாற்காலிகள், முதுகு வலிக்காரர்கள் சுவரோரம் இருக்கும் பழைய சோபாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். கூரை உயரம் என்பதால் ஜனவரியில் கோட்டைக் கழற்ற முடியாது. ஆல்டர் கிடையாது, அங்கி கிடையாது, போதகர் ஜீன்ஸில் நிற்பார். பிரசங்கம் ஜெர்மனில், ஆங்கிலம் வேண்டுமென்றால் காதுக்கருவி தருவார்கள், மொழிபெயர்க்கும் பெண் போதகரைவிடத் தெளிவாகப் பேசுவதால் ஜெர்மன் தெரிந்தவர்களும் சில சமயம் அதையே வாங்கிக்கொள்கிறார்கள்.

பாட்டுதான் எனக்கு ஒட்டவில்லை. ஆஸ்திரேலியாவிலும் கலிபோர்னியாவிலும் எழுதிய பாட்டுகளின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு, கிடார், டிரம்ஸ், மங்கலான விளக்கு. நான் தமிழ் லூத்தரன் சபையில் ஞானப்பாட்டு, அதாவது பழைய ஜெர்மன் ராகங்களில் பாடும் தமிழ்ப் பாட்டு, பாடி வளர்ந்தவன். இந்த ஊர் தாமஸ் ஆலயத்தில், அதாவது இசைமேதை பாக் 1723 முதல் 1750இல் சாகும்வரை இசை ஆசிரியராக இருந்த அதே ஆலயத்தில், ஆர்கன் தொடங்கியதும் எனக்குத் தமிழ் வரி தானாக வாயில் வரும், ராகம் அப்படியே ஒன்று. புதுச் சபையில் அந்த ராகங்களில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. லைப்சிக்குக்குச் சுவிசேஷம் சொல்ல வந்தவர்கள் லைப்சிக்கின் பாட்டை வெளியே விட்டுவிட்டது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு இது ஒரு குறையாகவே தெரியாது, அவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தப் பாட்டுகளும் தெரியாது என்பது வேறு விஷயம்.

சிறு பிள்ளைகளுக்கான ஏற்பாட்டுக்கு ஐந்துக்கு ஐந்து. வாசலில் பெயர் எழுதி ஸ்டிக்கர் ஒட்டி, பெற்றோருக்கு அதே எண்ணில் ஒன்று கொடுத்து, திரும்பக் கூட்டிப்போகும்போது சரிபார்த்துத்தான் விடுவார்கள். நம்ம ஊர் சன்டே ஸ்கூல் டீச்சர்கள் வந்து பார்க்க வேண்டும்.

இப்போது எல்லாரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். லூத்தர் பிறந்த நாடு, தெருவுக்குத் தெரு கோபுரம், அந்த ஆலயங்களே காலியாகக் கிடக்கின்றன, இங்கே எதற்கு இன்னொரு சபை? அதுவும் அமெரிக்காவிலிருந்து ஆள் வந்து? இது தெரியாமல் இந்தச் சபையை மதிப்பிடவே முடியாது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

கிழக்கு ஜெர்மனி கம்யூனிஸ்ட் ஆட்சிக்குள் போனபோது மக்களில் பத்தில் ஒன்பது பேர் ஏதோ ஒரு சபையின் பதிவேட்டில் இருந்தார்கள். ஆட்சி முடிந்தபோது மூன்றில் ஒருவர் அளவுக்கு இறங்கிவிட்டது. ஆலயங்களைப் பூட்டி இதைச் செய்யவில்லை, அதைவிடச் சாமர்த்தியமாகச் செய்தார்கள். சபையில் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் (வளர்ந்ததும் விசுவாசத்தைத் தானே அறிக்கை செய்யும் சடங்கு) கொடுக்கும் அதே வயதில் 1954 முதல் அரசே ஒரு சடங்கைக் கொண்டுவந்தது, யூகெண்ட்வையே என்று பெயர், புது உடுப்பு, மேடை, பூ, பரிசு, விருந்து எல்லாம் உண்டு, கடவுள் மட்டும் கிடையாது. அதில் சேராத பிள்ளைக்கு மேல்படிப்பு கஷ்டம். ஒரு தலைமுறை பயத்தில் போனது, அடுத்த தலைமுறை பழக்கத்தில் போனது. ஆட்சி போய் முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாகிறது, அந்தச் சடங்கு இன்றும் நடக்கிறது, என் ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஹால் பிடித்துச் செய்கிறார்கள். இதே ஊரில் பல்கலைக்கழக ஆலயத்தை 1968 மே 30 அன்று குண்டு வைத்துத் தகர்த்தார்கள், அதையும் சொல்ல வேண்டும், ஆனால் ஆலயம் இடிந்ததைவிட அந்தச் சடங்கு செய்த வேலை பெரியது என்பது என் எண்ணம்.

இதில் இன்னொரு முறுக்கு. அந்த ஆட்சியைக் கவிழ்த்ததில் இந்த ஊர் ஆலயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நிக்கோலாய் ஆலயத்தில் திங்கட்கிழமை தோறும் சமாதான ஜெபம் நடக்கும், 1989 அக்டோபர் 9 அன்று அங்கிருந்தும் பக்கத்து ஆலயங்களிலிருந்தும் வெளியே வந்தவர்களோடு ஊரும் சேர்ந்து சுமார் 70,000 பேர் தெருவில் நடந்தார்கள், போலீஸ் சுடவில்லை, ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. அவ்வளவு நன்றிக்கடன் இருந்தும் மக்கள் ஆலயத்துக்குத் திரும்பவில்லை. ஜெர்மானியர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு கதை உண்டு: லைப்சிக் ரயில் நிலையத்தில் சில இளைஞர்களிடம் “நீங்கள் கிறிஸ்தவரா, நாத்திகரா?” என்று கேட்டார்களாம், “இரண்டும் இல்லை, நாங்கள் சாதாரண ஆட்கள்” என்று பதில் வந்ததாம். 2008இல் பல நாடுகளில் எடுத்த ஓர் ஆய்வில் கடவுள் இல்லை என்று சொன்னவர்கள் கிழக்கு ஜெர்மனியில் 52 சதவீதம், ஆய்வு நடந்த இடங்களிலேயே அதுதான் அதிகம்.

மிஷனரிகளுக்கு இந்த எண்தான் அழைப்புக் கடிதம். நாம் வெளியே நின்று “ஏற்கெனவே கிறிஸ்தவ நாடு” என்கிறோம், அவர்கள் கணக்கே வேறு. குழந்தையில் ஞானஸ்நானம் வாங்கி, பதிவேட்டில் பேர் இருந்து, சர்ச் வரியும் (கடைசியில் சொல்கிறேன்) கட்டுகிற ஒருவரை அவர்கள் விசுவாசியாகச் சேர்ப்பதில்லை. நேரில் மனந்திரும்பி, வேதம் வாசித்து, சாட்சி சொல்லுகிறவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்பார்கள், ஒரு மக்கள் கூட்டத்தில் அது 2 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் அங்கே ஆள் அனுப்பியே ஆக வேண்டும் என்பது மிஷன் வட்டாரங்களில் புழங்கும் அளவுகோல். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் லைப்சிக் இருக்கும் சாக்சனி மாநிலத்தைவிட நம்ம திருநெல்வேலி எவ்வளவோ தேவலாம். இந்தப் பார்வையில் எனக்கு உடன்பாடில்லை, ஞாயிறு தவறாமல் போகாத, ஆனால் சாகும்வரை ஜெபம் பண்ணின பாட்டிகளை எனக்குத் தெரியும். ஆனாலும் இதைப் புரிந்துகொள்ளாமல் “ஏன் வந்தீங்க” என்று அவர்களிடம் கேட்டால் இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்தைப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

சரி, ஆள் அனுப்புவது புரிகிறது, இருக்கிற காலி ஆலயத்தில் போய்ச் சேர்ந்து ஊழியம் செய்யக் கூடாதா? இதை நான் போதகரிடமே கேட்டேன். பழைய சபைக்குப் புது ஆள் வருவதைவிடப் புதுச் சபைக்கு வருவது சுலபம், பழைய சபையில் எல்லா நாற்காலிக்கும் சொந்தக்காரர் உண்டு என்றார். இது அவர் கண்டுபிடிப்பு இல்லை, அவர்கள் பள்ளியின் பாடம். பீட்டர் வாக்னர் என்ற அமெரிக்கப் பேராசிரியர், சுவிசேஷம் பரப்ப வானத்தின் கீழ் இருக்கும் வழிகளிலேயே அதிகம் பலன் தருவது புதுச் சபை தொடங்குவதுதான் என்கிற பொருளில் 1990இல் எழுதினார், அது கிட்டத்தட்ட வேத வசனம் மாதிரி ஆகிவிட்டது. வாக்னருக்கு குரு டானல்ட் மக்காவ்ரன். இவர் பிறந்தது 1897இல், நம்ம நாட்டில், மத்திய மாகாணத்து தாமோவில். பல வருடம் அங்கேயே மிஷனரியாக இருந்து, இந்தியாவில் தனி ஆளாக மதம் மாறுகிறவர்கள் சொற்பம், ஒரு சாதியாக, ஒரு கூட்டமாக மாறும்போதுதான் சபை வளர்கிறது என்று பார்த்து, அதிலிருந்து ஒரு கோட்பாடே செய்தார்: தன் இனத்தையும் பாஷையையும் அந்தஸ்தையும் தாண்ட வேண்டிய அவசியமில்லாமல் கிறிஸ்தவராகத்தான் மனிதர்கள் விரும்புகிறார்கள். 1965இல் கலிபோர்னியாவில் இதைச் சொல்லித்தர ஒரு மிஷன் பள்ளியும் தொடங்கினார். பிளாக்விட்ஸில் ஓட்ஸ் பால் காபியும் செங்கல் சுவரும் வைத்து, கிராபிக் டிசைனர் கூட்டத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு சபை இருக்கிறதென்றால் அதன் வேரைத் தேடிப் போனால் நம்ம ஊர்ச் சாதிக்காரத் தெருக்களில் போய் முடியும். இதைக் கேட்டதும் போதகர் சிரித்தார், நான் முழுசாகச் சிரிக்கவில்லை.

ஏனென்றால் அதே விஷயத்தில் லைப்சிக்குக்கும் நமக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. லைப்சிக் மிஷன் என்று தஞ்சை, திருச்சிப் பக்கத்து லூத்தரன் குடும்பங்களில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்களே, அது 1836இல் டிரெஸ்டனில் தொடங்கி 1848இல் இந்த ஊருக்கு மாறியது, அலுவலகம் இன்றும் இங்கே இருக்கிறது. அதன் இயக்குநர் கார்ல் கிரால் தமிழ் படித்து, 1856இல் திருக்குறளை ஜெர்மனில் கொண்டுவந்த ஆள். மகா அறிவாளி. சபைக்குள் சாதி பார்ப்பதை மற்ற மிஷன்கள் கண்டித்தபோது, அது சமூக வழக்கம், மெதுவாகப் போகட்டும் என்று விட்டுக்கொடுத்ததும் அவர்தான். ஆளுக்கு ஏற்ற மாதிரி சபை வைத்தால் கூட்டம் சீக்கிரம் சேரும், சேர்ந்த பிறகு அந்தச் சுவரை உடைக்க நூறு வருடம் ஆகும் என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். லைப்சிக் மிஷனின் சபைகள்தான் 1919இல் தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை ஆயின. இங்கிருந்து ரயிலில் அரை மணி சொச்சம் போனால் ஹாலே வரும், தரங்கம்பாடிக்கு 1706 ஜூலை 9 அன்று வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்க் படித்த ஊர், அங்கே பிராங்கே நிறுவனத்தின் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் பத்திரமாக இருக்கின்றன. அவரை அனுப்பிய டேனிஷ் ராஜாவின் நாட்டிலும், அவர் படித்த ஹாலேயிலும் இன்று ஞாயிறு காலை ஆலயம் வெறிச்சோடிக் கிடக்கிறது.

புதுச் சபையில் என் போட்டோ கதை இதைத் தெரிந்துகொண்டு படித்தால்தான் ருசிக்கும். இந்த மிஷனரிகளுக்கு இங்கே சம்பளம் கிடையாது. அமெரிக்காவில் சொந்த ஊரில் இருக்கும் சபைகளும் தெரிந்த குடும்பங்களும் மாதாமாதம் பணம் அனுப்புவார்கள், பதிலுக்கு இவர்கள் மாதம் ஒரு ஜெபக் கடிதம் அனுப்புவார்கள். போதகர் அனுப்பிய ஒரு கடிதத்தில், சேர்ந்து சாப்பிடும் நாளில் நான் தட்டோடு நிற்கும் படம் வந்திருந்தது, கீழே “தேசங்கள் கர்த்தரிடம் வருகின்றன” என்கிற மாதிரி ஒரு வரி. நான் எங்கே வந்தேன்? எங்கள் குடும்பம் லூத்தரன் ஆனபோது இவர் சொந்த மாநிலத்தில் பாதி காடு. போதகரிடம் சொன்னேன், மன்னிப்புக் கேட்டுப் படத்தை எடுத்துவிட்டார், நல்ல மனிதர்தான். ஆனால் விஷயம் அவரைப் பற்றியது இல்லை. அந்தப் பணம் வரும் வழியில் நல்லதும் இருக்கிறது கெட்டதும் இருக்கிறது. நல்லது: ஆளே வராத வருடத்திலும் வீட்டு வாடகை கட்டலாம், இந்த மாதிரி ஊரில் ஒரு பக்கத்து வீட்டுக்காரரோடு பழகவே இரண்டு வருடம் பிடிக்கும், உள்ளூர்க் காணிக்கையை மட்டும் நம்பினால் முதல் குளிர்காலத்திலேயே மூட்டை கட்ட வேண்டியதுதான். கெட்டது: கடிதத்துக்கு மாதம் ஒரு கதை வேண்டும். கதை இல்லாத மாதம் என் தட்டு கதையாகிவிடும்.

யார் வருகிறார்கள் என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். நைஜீரிய மாணவர்கள், பிரேசில் டாக்டர் தம்பதி, இரானியக் குடும்பங்கள், கொரியாவிலிருந்து இசை படிக்க வந்தவர்கள், நம்ம ஆட்கள், அப்புறம் ஸ்டுட்கார்ட் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே குடியேறிய பக்தியான மேற்கு ஜெர்மானியர்கள். லைப்சிக்கிலேயே பிறந்து வளர்ந்து, வீட்டில் வேதமே இல்லாமல் இருந்து, இந்தச் சபையால் விசுவாசத்துக்கு வந்தவர்களை எண்ண ஒரு கை விரல்கள் தாராளம். பசியோடு வருகிறவனுக்குக் கடை போடுவது ஒன்று, பசி என்பதே இல்லாத தெருவில் கடை போடுவது வேறு. இவர்கள் இரண்டாவதைச் செய்ய வந்து முதலாவதை நன்றாகச் செய்கிறார்கள். ஆரம்பத்தில் இது எனக்கு ஒரு மாதிரி ஏமாற்று வேலையாகப் பட்டது, இப்போது அப்படி நினைக்கவில்லை, நம்ம பிள்ளை ஒருத்தி நவம்பர் இருட்டில் மனசு உடைந்து கிடந்தபோது மூன்று வாரம் மாற்றி மாற்றிச் சூப் கொண்டுபோய்க் கொடுத்தது இந்தச் சபைப் பெண்கள்தான். ஆனால் கடிதத்தில் எழுதும் நோக்கமும் ஞாயிறு நிறையும் நாற்காலியும் ஒன்றல்ல என்பதைச் சொல்லாமல் விட்டால் விமர்சனம் எதற்கு.

உள்ளூர்க்காரர்கள் ஏன் வருவதில்லை என்று போதகர் சொன்ன காரணம் யோசிக்க வைத்தது. மேற்கு ஜெர்மனியில் ஆட்களுக்குச் சர்ச் மேல் கோபம் இருக்கிறது, 2022இல் மட்டும் ஜெர்மனி முழுக்க கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் என்ற இரண்டு பெரிய சபைகளிலிருந்தும் சுமார் 9 லட்சம் பேர் கையெழுத்துப் போட்டு வெளியேறினார்கள், கோபக்காரனோடு பேசத் தொடங்கலாம். இங்கே கோபமும் இல்லை, விட்டுப்போவதற்கு எதுவும் கையில் இருந்ததே இல்லை, மரியாதையாகக் கேட்டுவிட்டு “சுவாரஸ்யமாக இருக்கிறது” என்று தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள் என்றார். இது சரிதான். ஆனால் அவர் பார்க்காத ஒன்றையும் நான் சேர்ப்பேன். இந்தச் சபையில் பெண்கள் பாடலாம், மொழிபெயர்க்கலாம், பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கலாம், பிரசங்கம் பண்ண மாட்டார்கள், மூப்பர்களும் ஆண்கள் மட்டுமே. கிழக்கு ஜெர்மனியில் கிரேன் ஓட்டின பாட்டியும் இன்ஜினியராக இருந்த அம்மாவும் உள்ள வீட்டுப் பெண் இதை எப்படி எடுத்துக்கொள்வாள்? ஹாம்பர்க்கில் 1992இலேயே ஒரு பெண் லூத்தரன் பேராயர் ஆகிவிட்டார், தென்னிந்தியத் திருச்சபையே 2013இல் ஒரு பெண்ணைப் பேராயர் ஆக்கிவிட்டது. கடவுளைப் பற்றிப் பேச்சு ஆரம்பிக்கும் முன்பே ஊர்க்காரி கதவைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறாள்.

நேர்மைக்கு என் மதிப்பெண் குறைவு, அதற்கு ஒரே காரணம் மொழிக் கபே. புதன் மாலை இலவச ஜெர்மன் பேச்சுப் பயிற்சி என்று போஸ்டர் ஒட்டுவார்கள், சபையின் பெயர் அதில் இருக்காது, அல்லது மூலையில் எறும்பு அளவில் இருக்கும். பயிற்சி நன்றாகவே இருக்கும், நாலாவது வாரம் “ஒரு சின்ன வேதப் பகுதி வாசிக்கலாமா?” என்று வரும். முதல் நாளே சொல்லிவிட்டால் என்ன? சொன்னால் வர மாட்டார்கள் என்று பயம். இந்து நண்பர் ஒருவரை நான்தான் அனுப்பினேன், அவர் வந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். மதச்சார்பற்ற ஊரில் ஊழியம் செய்ய வருகிறவர்கள் அந்த ஊர் மக்கள் எதை மன்னிப்பார்கள் எதை மன்னிக்க மாட்டார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும், நாற்பது வருடம் ஒளிந்திருந்து கவனித்த அரசாங்கத்தின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு மறைமுக நோக்கம் என்றாலே ஆகாது.

இன்னொன்று, ஞானஸ்நானம். சபையில் அங்கத்தினராக வேண்டுமென்றால் முழுக்கு ஞானஸ்நானம் மறுபடி எடுக்க வேண்டும், குழந்தையில் எடுத்தது கணக்கில்லை. லூத்தரன், சி.எஸ்.ஐ., கத்தோலிக்கப் பிள்ளைகள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கட்டாயப்படுத்த மாட்டார்கள், ஆனால் அன்பாக, ரொம்ப அன்பாக, கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் மறுத்துவிட்டேன், இப்போது நான் நிரந்தர விருந்தாளி, பாத்திரம் கழுவலாம், ஓட்டுப் போட முடியாது.

மறுபடி கேட்கலாம், இவ்வளவு பலன் குறைவு என்றால் எதற்காக நிற்கிறார்கள்? பணத்துக்காக இல்லை, சொந்த ஊரில் இதைவிடப் பெரிய வீட்டில் இருந்திருப்பார்கள். சாகசத்துக்காக வந்தவர்கள் இரண்டாவது குளிர்காலத்தில் போய்விட்டார்கள், அதையும் பார்த்தேன். நிற்கிறவர்கள் பலனை எண்ணுவதை நிறுத்தியவர்கள். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் லெஸ்லி நியூபிகின். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை–இராமநாதபுரம் பேராயர், பிறகு 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயர். ஓய்வு பெற்று இங்கிலாந்துக்குத் திரும்பிப் பார்த்தவர், தமிழ்நாட்டைவிடத் தன் சொந்த நாடுதான் கடினமான மிஷன் களம் என்று கண்டு, சும்மா இருக்காமல் பர்மிங்ஹாமில் ஓர் ஏழைப் பேட்டைச் சபையை எடுத்து நடத்தினார். மேற்கு நாடுகளுக்கே மிஷனரி வேண்டும் என்ற பேச்சுக்கு இன்று இருக்கும் மரியாதையில் பெரும்பங்கு அவர் எழுத்துக்கு உண்டு. எங்கள் போதகரின் அலமாரியிலும் அவர் புத்தகம் இருக்கிறது, தமிழ் பேசிய பேராயர் என்று நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

இந்தப் பக்கத்துப் பழைய சபைகளும் தூங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹாலே ஊர் சேர்ந்திருக்கும் மத்திய ஜெர்மன் புராட்டஸ்டன்ட் சபை, பழைய முறைக்கு வெளியே புது விதமான கூடுகைகளை முயன்று பார்க்கவே தனியாகப் பணம் ஒதுக்கி ஒரு திட்டம் நடத்துகிறது. கத்தோலிக்கர்கள் 2015இல் லைப்சிக் நகர மையத்தில், டவுன் ஹாலுக்கு எதிரிலேயே, புத்தம் புது ஆலயம் கட்டினார்கள், சிவப்புக் கல், உள்ளே வெளிச்சம் அபாரம், ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள். பாட்டு வேண்டுமென்றால் வெள்ளி மாலையும் சனி மதியமும் தாமஸ் ஆலயத்தில் பாக் கேட்கலாம், சின்னக் கட்டணம்தான், கூட்டம் அலைமோதும், நாத்திகர்களே முன்வரிசையில் இருப்பார்கள்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு வரி விஷயம் ஒன்று. ஊரில் முகவரி பதியும்போது மதம் கேட்பார்கள், கத்தோலிக்கர், லூத்தரன் என்று எழுதினால் வேலைக்குப் போனதும் வருமான வரியில் 9 சதவீதம் சர்ச் வரியாகப் போகும். பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் 8. நான் கட்டுகிறேன், தாமஸ் ஆலயத்தின் ஆர்கனுக்கும் ஒரு சொட்டு போகட்டும் என்று. புதுச் சபை மாதிரி சுதந்திரச் சபைகள் இதை வாங்குவதில்லை, காணிக்கையில் ஓடுகின்றன, தசமபாகம் பற்றிப் பேசுவார்கள், யார் எவ்வளவு கொடுத்தார் என்று வாசிக்க மாட்டார்கள், நம்ம ஊர் அசனப் பண்டிகை மைக் அனுபவம் உள்ளவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

ஆக, காபி நாலரை, பிள்ளைகள் பகுதி ஐந்து, பிரசங்கம் மூன்று (உதாரணங்கள் எல்லாம் அமெரிக்கப் பேஸ்பால்), பாட்டு இரண்டரை, நேர்மை இரண்டு, மனிதர்கள் நாலு. தனியாக வந்திருக்கும் மாணவருக்குத் தாராளமாகச் சொல்வேன், போங்கள். எஸ்-பான் என்ற நகர ரயிலில் போய் பிளாக்விட்ஸில் இறங்கினால் நடக்கிற தூரம். மாதக் கடைசி ஞாயிறு ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவார்கள், முதல் தடவை அன்றைக்குப் போவதுதான் நல்லது. எலுமிச்சைச் சாதம் கொண்டுபோனால் மிளகாயை எடுத்துவிடுங்கள். இரானிய அம்மா ஒருவர் குங்குமப்பூச் சோறு கொண்டுவருவார், அது பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும், கடைசி ஜெபத்துக்குக் கண்ணை மூடும்போதே மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள், யாராவது போட்டோ எடுத்தால் கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள்.